நீக்கல் விழுந்த தளம்

முள்ளியவளை,
மாசி மாதம்.

அன்பு மச்சான் தவம்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. தொலைபேசியில் பார்த்து எனக்குத் திருப்தி வரவில்லை. மகளிடம் சொல்லி, கடையில் பெரிதாக அச்சடிப்பித்து, மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

வீட்டில் எல்லோரும் சுகம். பெரும்போக வெட்டு மும்முரமாக நடக்கிறது. இரவிலும் மெஷின் சத்தம் ஓயவில்லை. மாரி நன்றாகப் பெய்ததால் குளங்களில் தண்ணீர் நிற்கிறது, சிறுபோகத்துக்கும் ஓரளவு கிடைக்கும் என்று ஆட்கள் நம்பியிருக்கிறார்கள். அக்காவுக்கு முழங்கால் நோ இன்னும் இருக்கிறது. ஆனால் சிவராத்திரிக்குக் கண் முழித்தே தீருவேன் என்று நிற்கிறா. உன்னை அடிக்கடி விசாரிப்பா.

சரி, நீ செய்கிற மாதிரிக் கப்பலுக்கு வருகிறேன். தளம் முழுவதையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒட்டப் போவதாக எழுதியிருக்கிறாய். அதை மட்டும் செய்யாதே. உன் தளம் நல்ல தளம். பலகைகளின் பொருத்துகளை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று வரவிடாமல் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறாய். நடுக்கோடு முன்பக்க அணியத்திலிருந்து பின்பக்கம் வரை நேராகப் போகிறது. முதல் கப்பலிலேயே இவ்வளவு வருவது பெரிய காரியம். பலகைகளுக்கு நடுவே நீக்கல்கள், அதாவது இடைவெளிகள், இருக்கின்றன, உண்மைதான். ஆனால் அவை எல்லாம் ஒரே சாதி நீக்கல் இல்லை. எது எதனால் வந்தது என்று தெரியாமல் கை வைத்தால்தான் தளம் பழுதாகும்.

மரம் காய்ந்தால் குறுக்காகச் சுருங்கும், ஈரம் ஏறினால் ஊதும். நீளத்தில் ஏறக்குறைய ஒன்றும் நடக்காது. அதனால்தான் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் நீக்கல் தெரிகிறது, பலகையின் தலைப்பில் அவ்வளவாகத் தெரிவதில்லை. கப்பல் செய்கிற இதே பெட்டியைத்தானே நீ எனக்கும் அனுப்பினாய். நான் தளம் ஒட்டியது வாடைக் காலத்தில். அப்போது பலகைகள் ஒன்றோடொன்று இறுகி நின்றன. ஆனி, ஆடியில் காய்ந்த கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் நீளக் கோடுகள் மெல்ல மெல்லத் தெரிய வந்தன. உன் நாட்டில் கச்சான் இல்லை. ஆனால் வெளியே பனி கொட்ட, வீட்டுக்குள் ஹீற்றர் ஓடுகிறது. அந்தச் சூட்டில் அறையின் காற்று எவ்வளவு காய்ந்து போகும் என்பது உன் உதடு வெடிக்கிறதைப் பார்த்தாலே தெரியும். மரத்துக்கும் அதேதான்.

ஆனால் இதற்கும் ஒரு அளவு உண்டு. நம் பலகை 5 மில்லிமீற்றர் அகலம். இவ்வளவு ஒடுங்கிய பலகை வீட்டுக்குள் காய்கிற காய்ச்சலில் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு சுருங்கினால் பெரிய விஷயம். ஆகவே மயிரிழை போல நீளமாக, எல்லாப் பலகைக்கும் இடையில் ஒரே அளவாகத் தெரிகிற நீக்கல்தான் காலநிலையால் வந்தது. அரை மில்லிமீற்றர், ஒரு மில்லிமீற்றர் என்று வாய் திறந்து நிற்பதைக் காலநிலையில் போடாதே. அது பலகையின் விளிம்பு நேரில்லாததால் வந்தது, இல்லாவிட்டால் ஒட்டும்போது பலகை வளைந்து நின்றிருக்கும். பெட்டியில் வருகிற பலகைகளை ஒரு அடிமட்டத்தின் விளிம்போடு சாய்த்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார். நடுவில் வெளிச்சம் கசியும். சிலதில் ஒரு முனை மற்ற முனையைவிட ஒடுக்கமாக இருக்கும். இயந்திரத்தில் அறுத்து வருகிற மெல்லிய பலகையில் இது வழமையான விஷயம், உன் கைவேலையின் குறை என்று நினைத்து மனதைப் போட்டு உழப்பாதே.

உன் படத்தில் நான் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். முன் பாய்மரத்துக்கு இடது பக்கம் இருக்கிறது ஒன்று, ஒரு முனையில் மூடி மறு முனையில் விரிந்து போகிறது. அது ஒடுங்கிய பலகை. பின்பக்கத்தில், தளம் மேடாகி வளைகிற இடத்தில் இரண்டு இருக்கின்றன. அவை ஒட்டும்போது பலகை எழும்பி நின்றதால் வந்தவை. வலது ஓரத்தில் சுவரோடு சேர்கிற இடம் முழுக்க ஒரே கிழிசலாக இருக்கிறது, அதை நீ தொடவே வேண்டாம். அங்கே ஓர மரம் ஒன்று வரும், அது எல்லாவற்றையும் மூடிவிடும். அதே மாதிரிச் சரக்கறை வாசல், பாய்மரத்தின் அடி, சின்ன அறை வருகிற இடங்களையும் கழித்துவிடு. வரைபடத்தைத் தளத்தின் மேல் வைத்துப் பார்த்தாயானால் உன்னைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிற நீக்கல்களில் பாதி யார் கண்ணுக்கும் படாது.

நான் உனக்குச் சொல்ல நினைப்பது இதுதான், தவம். நீக்கலே இல்லாத தளம் வடிவான தளம் இல்லை. நீக்கல் சமமாக இருக்க வேண்டும். கண்ணில் குத்துவது அகலம் மாறி மாறி வருவதுதான்.

இதை எனக்குத் தெளிவாகக் காட்டியவர் கள்ளப்பாட்டுப் பக்கம் இருக்கிற ஒரு முதியவர். மரத் தோணி காலத்தில் கலப்பத்து வேலை, அதாவது பலகை நீக்கல்களை அடைக்கிற வேலை, செய்தவர். இப்போது கரையில் நிற்பவை பெரும்பாலும் பைபர் வள்ளங்கள், அந்த வேலைக்கு ஆள் தேவைப்படுவதில்லை. என் கப்பலைத் துணியில் சுற்றிக்கொண்டு போய் அவரிடம் காட்டினேன். மடியில் வைத்துக்கொண்டு, தளத்தின் மேல் பெருவிரல் நகத்தைக் குறுக்காக ஓட்டிப் பார்த்தார். கண் பார்வை குறைந்துவிட்டது. ஆனால் நகம் எங்கே தட்டுகிறது, எங்கே விழுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு அந்தக் காலத்து வேலையை விளக்கினார். பலகைகளின் விளிம்பைச் சாய்வாகச் சீவுவார்களாம். உள்ளே இரண்டு பலகையும் முட்டி நிற்கும், வெளியே வாய் கொஞ்சம் திறந்திருக்கும். அந்த வாய்க்குள் பஞ்சைத் திரியாகத் திரித்து, மொட்டை உளியும் கொட்டானும் (மரச் சுத்தியல்) வைத்து அடித்து இறக்குவார்கள். மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றுவார்கள். தண்ணீரில் இறங்கியதும் பலகை ஊதி, பஞ்சை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். நீக்கல் இல்லாமல் முட்டவைத்து அடித்தால் ஊதுகிற பலகைக்குப் போக இடமில்லாமல் அது எழும்பிவிடும். வேண்டுமென்றே விட்ட வாய் அது.

ஐரோப்பியக் கப்பல்களிலும் வழி இதுதான். அங்கே பழைய சணல் கயிற்றைப் பிரித்து எடுத்த நாரும், மேலே தார் போன்ற கறுப்புக் கீலும். அதனால்தான் அந்தக் கப்பல்களின் தளத்தில் நீளக் கறுப்புக் கோடுகள் தெரியும். வெயில் நாடுகளில் காலையும் மாலையும் கடல் தண்ணீர் ஊற்றித் தளத்தை ஈரமாக வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் நீக்கல் திறந்து கீழே படுக்கிறவன் தலையில் ஒழுகும். உன் அம்மம்மாவின் ஊர்க் கப்பல் அன்னபூரணி நினைவிருக்கிறதா? வல்வெட்டித்துறையிலிருந்து நம் ஆட்கள் ஓட்டிக்கொண்டு போய் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்களே. அந்தத் தளமும் அப்படிப் பேணித்தான் அந்த வெயிலையும் அத்திலாந்திக்கையும் தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது ஒரு கணக்குப் பார். நம் கப்பல் 1:50 அளவு. உண்மையான கப்பலில் அந்தக் கறுப்புக் கோடு 5 முதல் 10 மில்லிமீற்றர் என்று வைத்தால், நமக்கு 0.1 முதல் 0.2 மில்லிமீற்றர். உன்னுடைய மயிரிழை நீக்கல்கள் சரியாக அந்த அளவில்தான் நிற்கின்றன. அவற்றை அடைக்காதே, கறுப்பாக்கு. ஆனால் முன் பாய்மரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த ஒரு மில்லிமீற்றர் நீக்கல், உண்மைக் கப்பலில் 50 மில்லிமீற்றர். மாலுமியின் கால்விரல் மாட்டிக்கொள்ளும். அது அடைபட வேண்டும்.

அடைப்பதற்கு நீ எழுதியிருக்கிற வழி மரத்தூளையும் பசையையும் குழைத்துப் பூசுவது. எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை, காரணத்தையும் சொல்கிறேன். பூசும்போது நிறம் ஒத்துத்தான் இருக்கும். வார்னிஷோ எண்ணெயோ பட்டதும் மரம் அதைக் குடிக்கும், பசை குடிக்காது. பூசிய இடம் தழும்பு மாதிரித் தனித்து நிற்கும். கடையில் விற்கிற மரப் புட்டியும் அப்படித்தான். சுப்பர் குளூ இன்னும் மோசம், நீக்கலை விட்டுப் பக்கத்துப் பலகைக்குள் ஊறி நிரந்தரக் கறையாகிவிடும். மரம் இருந்த இடத்துக்கு மரம்தான் போக வேண்டும்.

பெட்டியில் மிஞ்சிய பலகை இருக்குமே, அதை எடு. ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் அங்கே கோப்பி கலக்கிற மரக்குச்சி கிடைக்கும், நிறம் ஓரளவு கிட்ட வரும். நான் இங்கே ஐஸ்பழக் குச்சியில் பரீட்சித்துப் பார்த்தேன், குறை சொல்ல முடியாது. எங்கள் முதிரைத் துண்டு ஒன்றிலும் சீவிப் பார்த்தேன். என்ன மரம் மச்சான் அது, உளி பட்டதும் பட்டு மாதிரி மின்னுகிறது. ஆனால் மஞ்சள் கூட, வெளிறிய தளத்தில் எடுபடாது. அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொடுக்கும்.

முதலில் நீக்கலைச் சுத்தம் செய். உருக்கு அடிமட்டத்தை ஓரத்தில் வைத்து, புது பிளேட்டின் நுனியால் நீளத்துக்கு மெதுவாக இழு. பழைய பசை துகளாக வெளியே வரும். இரண்டு பக்கமும் நேரான சுவராகும்வரை அதையே செய். கோணல் நீக்கலுக்குக் கோணல் துண்டு வெட்டுவதைவிட, நீக்கலை நேராக்கி நேரான துண்டு வைப்பது சுகம். பிறகு மிஞ்சிய பலகையிலிருந்து ஒரு சிம்பு, மெல்லிய நீளத் துண்டு, சீவி எடு. மரத்தின் இழை நீளத்துக்கு ஓட வேண்டும், அது முக்கியம். குறுக்கு இழையாக இருந்தால் வெளிச்சம் வேறு மாதிரிப் பட்டு உடனே காட்டிக்கொடுக்கும். சிம்பைக் கீழே மெல்லிசாகவும் மேலே கொஞ்சம் தடிப்பாகவும் சீவு, முதியவர் சொன்ன அந்தச் சாய்வு மாதிரி. பசை போடாமல் வைத்துப் பார். விரலால் அமத்த இறங்க வேண்டும், சுத்தியல் கேட்கக் கூடாது. கேட்டால் இன்னும் சீவு. இறுக்கி அடித்தாயானால் கோடையில் பலகைகள் ஊதும்போது அது பக்கத்துப் பலகையையும் கிளப்பிக்கொண்டு வரும்.

பசைக்கு நான் ஈர்க்கு பாவிக்கிறேன். நுனியைக் கடித்து நசுக்கினால் தும்பு மாதிரி விரியும், அதில் வெள்ளைப் பசையைத் தொட்டு நீக்கலின் உட்சுவரில் மட்டும் தடவலாம். அங்கே ஈர்க்குக்கு எங்கே போவாய், பல்லுக்குத்துகிற குச்சி போதும். சிம்பை இறக்கி, மேலே அரை மில்லிமீற்றர் அளவு நீட்டிக்கொண்டு நிற்கவிடு. வழிகிற பசையை ஈரத்துணியால் உடனே துடை. அன்றைக்கு அதைத் தொடாதே. அடுத்த நாள் கூரான உளியைத் தளத்தோடு படுக்கவைத்து மெல்ல மெல்லச் சீவு. உளியை ஒரே தள்ளாகத் தள்ளினால் சிம்பு இழையோடு பிளந்து தளத்துக்குக் கீழே போய்விடும்.

பின்பக்கத்து இரண்டுக்கும் சிம்பு சரிவராது என்றுதான் படத்தில் தெரிகிறது. அங்கே பலகையே எழும்பி நிற்கிறது. அந்த இரண்டு பலகையை மட்டும் கழற்று. நீ வெள்ளைப் பசைதானே பாவித்தாய்? அப்படியானால் மருந்துக்கடையில் விற்கிற ஐசோபுரொப்பைல் அல்ககோலில் ஒரு துண்டுத் துணியை நனைத்து, அந்தப் பலகையின் மேல் மட்டும் போட்டுவை. கொஞ்ச நேரத்தில் பசை இளகும். மெல்லிய பிளேட்டைக் கீழே விட்டு ஒரு முனையிலிருந்து கிளப்பு, வராவிட்டால் திரும்பவும் நனை, பலவந்தம் வேண்டாம். யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய், நெருப்புக் கிட்ட வரக் கூடாது. புதிய பலகையை வைக்கிறதற்கு முன் சுடுதண்ணீரில் ஊறவைத்து, தளத்தின் வளைவுக்கே வளைத்துக் கட்டிக் காயவிடு. காய்ந்த பிறகு ஒட்டினால் எழும்பாது.

நேரம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஹீற்றர் ஓடுகிற இந்த மாதத்தில் மயிரிழை நீக்கல்களில் கை வைக்காதே. இப்போது அவை ஆகக் கூடிய அகலத்தில் நிற்கின்றன. சித்திரை, வைகாசி வரட்டும், மரம் நடுநிலைக்கு வந்த பிறகு பார். அகலமான ஒன்றிரண்டையும் அந்த இரண்டு பலகையையும் இப்போதே செய்யலாம், அவை காலநிலைக்குக் கட்டுப்பட்டவை இல்லை.

மட்டமாக்குகிறதற்குச் சாண்ட்பேப்பரை எடுக்காதே. நான் கண்ணாடித் துண்டுதான் பாவிக்கிறேன், நம் ஊரில் கோடரிப் பிடி சுரண்டுவார்களே, அதே வேலை. புது உடைப்பின் விளிம்பைத் தளத்தில் கிட்டத்தட்ட நிமிர்த்திப் பிடித்து, இழைப் போக்கில் உன் பக்கம் இழுத்தால் மரம் சுருள் சுருளாக வரும், காகிதத்தைவிட மெல்லியதாக. தடித்த கையுறை போட்டுக்கொள். பயமாக இருந்தால் நேரான பிளேட்டாலும் அதையே செய்யலாம். சுரண்டினால் நீக்கலுக்குள் தூள் போகாது, எவ்வளவு எடுத்தோம் என்பதும் கைக்குத் தெரியும். நம் பலகை ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை, கீழே இருக்கிற ஒட்டுப்பலகை வெளியே வந்தால் பிறகு செய்ய ஒன்றுமில்லை. கடைசியில் வேண்டுமானால் 400 ஆம் நம்பர் தாளைக் கட்டையில் சுற்றி இழைப் போக்கில் ஒரு தரம் தடவு.

கறுப்புக் கோட்டுக்கு: ஒட்டுகிறதற்கு முன் என்றால் ஒவ்வொரு பலகையின் ஒரு விளிம்பில் மெதுப் பென்சிலை ஓட்டியிருக்கலாம். இப்போது ஒட்டியாகிவிட்டது, ஆகவே முதலில் தளம் முழுவதற்கும் ஐதான ஷெலாக் (அரக்கு வார்னிஷ்) ஒரு பூச்சு கொடு. அது மரத்தின் வாயை மூடும். காய்ந்ததும் வெள்ளைப் பசையில் கொஞ்சம் கறுப்பு அக்றிலிக் வர்ணம் கலந்து, கோட்டின் மேல் ஈர்க்கால், மன்னித்துக்கொள், குச்சியால் தடவி, விரலால் உள்ளே அழுத்து. உடனே சற்று ஈரமான துணியால் குறுக்காகத் துடை. நீளத்துக்குத் துடைத்தால் நீக்கலுக்குள் இருப்பதும் கூடவே வந்துவிடும். இரண்டு மூன்று கோடாகச் செய்து முடித்து அடுத்ததற்குப் போ. ஷெலாக் இல்லாமல் செய்தால் கறுப்பு இழைக்குள் இறங்கிவிடும், பிறகு எந்தச் சுரண்டலும் எடுக்காது. முழுக் கறுப்பு வேண்டாம், கடும் மண்ணிறம் கொஞ்சம் சேர். இவ்வளவு சின்ன அளவில் தனிக் கறுப்பு கண்ணுக்குக் கடுமையாக இருக்கும்.

ஷெலாக்குக்கு முன்பே ஒரு சோதனை இருக்கிறது, அதை விட்டுவிடாதே. அந்த அல்ககோலைத் துணியில் கொஞ்சம் எடுத்துத் தளத்தை ஒரு தரம் நனை. மரம் கருமையாகும், பசை படிந்த இடம் மட்டும் வெளிறித் திட்டாகத் தெரியும். காய்வதற்குள் அந்தத் திட்டுகளைப் பென்சிலால் குறித்து, காய்ந்த பிறகு சுரண்டு. வார்னிஷ் பூசிய பிறகு தெரிய வருவதைவிட இப்போதே தெரிவது எவ்வளவோ நல்லது.

இவ்வளவு பொறுமை எதற்கு என்று மருமகள் கேட்டதாக எழுதியிருந்தாய். நான் பதில் சொல்லத் தேவையில்லை, உன் கை சொல்லும். ஆனால் எனக்கு இதில் ஒரு சொந்த ஆசையும் இருக்கிறது. அந்த முதியவர் செய்து வந்த வேலை எங்கள் கரையில் இனிக் கண்ணால் காண்பதற்கு இல்லை. அதில் ஒரு சின்னப் பங்கையாவது உன் மேசையிலும் என் மேசையிலும் சரியான முறையில் செய்து வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அடுத்தது நம் ஊர்த் தோணி ஒன்றை 1:50 இல் செய்யலாமா என்று பார்க்கிறேன். அவரிடமே அளவுகள் கேட்டுக் குறித்து வருகிறேன். ஏராவுக்கும் (அடிமரம்) வங்குகளுக்கும் (விலா மரங்கள்) ஓரளவு சொல்லிவிட்டார், பலகைகளுக்கு இன்னும் இரண்டு முறை போக வேண்டியிருக்கும். வைகாசி விசாகத்தோடு வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாயே, அது உறுதியானால் நானும் நீயுமாகவே போய்க் கேட்கலாம். உன்னைக் கண்டால் அவர் இன்னும் கனக்கக் கதைப்பார்.

வரும்போது ஒரு நல்ல சின்ன உளி, 3 மில்லிமீற்றர் அகலத்தில், எனக்கு வாங்கி வா. இங்கே அந்த அளவில் கிடைப்பதில்லை. அதற்கு முன் பின்பக்கத்தை நேர் மேலே நின்று இன்னொரு படம் எடுத்து அனுப்பு. பக்கத்தில் அடிமட்டத்தை வை, யன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வரட்டும். அந்த இரண்டு பலகையில் எதை முதலில் கழற்றுவது என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அதில் கை வைக்காதே.

அன்புடன்,
சிவம்